கொலை வழக்கில் ‘சமாதானம்’ பேச வருகிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

பொதிகைக்காரன்:
உறவுக்காரர் வீட்டு விஷயம், நெல்லைப் பக்கம். மூத்த மகனை வெட்டிக் கொன்று 40 நாள் ஆகிறது. மூன்று பேர் உள்ளே. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஊர்ப் பெரியவர்கள் வந்து, 15 லட்சம், ஒரு ஏக்கர் நஞ்சை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். சம்பவத்தை நேரில் பார்த்தது அம்மாதான். ‘இருக்கிற பிள்ளையையும் காவு கொடுக்க முடியாது, விட்டுத் தொலைப்போம்’ என்கிறார். தம்பி தாடியை எடுக்காமல் திரிகிறான். ‘ஜாமீனில் வரட்டும்’ என்கிறான். அப்பா வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

கச்சேரித் தெரு:
முதலில் அந்தப் பத்திரம். கொலை (பி.என்.எஸ். 103, அதாவது பழைய இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த சட்டம்) சமாதானமாகப் போகக்கூடிய குற்றமே இல்லை. குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 359இல் உள்ள பட்டியலில் அது கிடையாது. கொலை போன்ற கொடுங்குற்ற வழக்கைச் சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்திலும் ரத்து செய்யக்கூடாது என்று கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இலேயே சொல்லிவிட்டது. வழக்கை நடத்துவது அரசு. குடும்பம் ‘வாபஸ்’ வாங்க அதில் ஒன்றுமில்லை.

அப்படியானால் 15 லட்சம் எதற்கு? அம்மா பிறழ்சாட்சி ஆவதற்கு, அதாவது கூண்டில் ஏறிச் சாட்சியை மாற்றிச் சொல்வதற்கு. அவர்கள் வாங்க வருவது அதைத்தான். வழக்கமாகப் பாதி முன்பணம், மீதி சாட்சி சொன்ன பிறகு என்பார்கள். மீதி வராவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது; குற்ற வழக்கை அமுக்கப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. அம்மா மாஜிஸ்திரேட் முன் பி.என்.எஸ்.எஸ். 183இன் கீழ் வாக்குமூலம் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். மாற்றிச் சொன்னால் பொய்ச்சாட்சி நடவடிக்கை அவர் மேல் பாயலாம்.

வல்லநாடு:
தம்பிக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவன் செத்துப்போனால் அவன் மேலுள்ள வழக்கு அங்கேயே அற்றுப்போகும். ‘என் அண்ணனைக் கொன்றவன் இவன்’ என்று எந்தத் தீர்ப்பிலும் எழுத்து இருக்காது. தம்பி பெயர்தான் வேறொரு எஃப்.ஐ.ஆரில் முதல் எதிரியாக இருக்கும். தானே வெட்ட வேண்டும் என்றும் இல்லை, திட்டத்தில் கூட்டு என்றாலே சதி வழக்கு. 2024 டிசம்பரில் பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலிலேயே பழிக்குப் பழியாக ஒரு கொலை விழுந்ததை அவனும் பார்த்திருப்பான்.

கோபத்தை இதில் காட்டட்டும்: ரிமாண்ட் தேதியிலிருந்து நாள் எண்ணுங்கள். 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கேட்டவுடன் ஜாமீன், நீதிபதி மறுக்க முடியாது. தடய அறிவியல் அறிக்கை வரவில்லை என்று இன்ஸ்பெக்டர் இழுத்தால், அதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சாதாரண ஜாமீன் மனு வந்தால் இடையீட்டு மனு (எங்களையும் கேளுங்கள் என்ற மனு) போட்டு எதிர்க்கலாம். எந்தக் கட்டத்திலும் தன் தரப்பைச் சொல்லப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் (2022) உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அம்மாவுக்கு மிரட்டல் என்றால் 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் விண்ணப்பியுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவு செய்யும், டி.எஸ்.பி. 5 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். ஒரு தடவைக்கு 3 மாதம்தான், முடியும் முன் நீட்டிக்கக் கேளுங்கள், இதை மறந்துவிடுகிறார்கள்.

தாமிரபரணிக் கரை:
அம்மா சொல்வதைக் கோழைத்தனம் என்று யாரும் தள்ள வேண்டாம். மன்னிக்க இடம் இருக்கிறது, ஆனால் சாட்சிக் கூண்டில் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு, தண்டனை பற்றிய விசாரணையில் ‘தூக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்கலாம். பிற்பாடு முன்விடுதலை பேச்சு வரும்போதும் ஆட்சேபம் இல்லை எனலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நளினிக்குத் தூக்கு வேண்டாம் என்று சோனியா காந்தி கேட்டுக்கொண்டதும், 2000இல் அது ஆயுளாகக் குறைந்ததும் நமக்குத் தெரியும். வழக்கும் தீர்ப்பும் அப்படியேதான் நின்றன. அதே குண்டுவெடிப்பில் இறந்த மற்றவர்களின் குடும்பங்களில் சிலர் விடுதலையை எதிர்த்ததும் மறக்கக்கூடாது. ஒரே வீட்டில் அம்மா ஒன்றும் தம்பி ஒன்றும் சொன்னாலும் இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். இன்றே ஒரே முடிவுக்கு வர அவசியமில்லை.

பணம்தான் நெருக்கடி என்றால் எதிரியிடம் வாங்காதீர்கள். பி.என்.எஸ்.எஸ். 396ஆவது பிரிவில் அரசு இழப்பீடு உண்டு.

பொதிகைக்காரன்:
நன்றி அண்ணாச்சி. வக்கீலுக்குக் கொடுக்க அவர்களிடம் காசு இல்லை. எங்கே போவது?

கச்சேரித் தெரு:
மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல், அதனால் அம்மா பெயரிலேயே மனு கொடுங்கள். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நகல்கள் கையில் இருக்கட்டும். இழப்பீட்டு மனுவும் அங்கேதான். விசாரணையை 2 மாதத்தில் முடிக்க வேண்டும். போன் 15100. தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.