கொட்டான் பின்னும்போது வரும் பின்மண்டை வலி: கழுத்துதான் காரணமா?

காரைக்குடி ஓலை: எங்கள் குழுவில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்துத்தான் கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னுகிறோம். மதியத்துக்கு மேல் சிலருக்குப் பின்மண்டையில் வலி கிளம்பி, ஒரு பக்கக் கண்ணுக்கு மேலே வந்து நிற்கிறது. கண்ணாடி மாற்றியும் தீரவில்லை. குனிந்தே இருப்பதால் இப்படி வருமா?

தேவகோட்டை பிசியோ: வரும். தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. குனியக் குனிய அதைப் பிடரித் தசைதான் இழுத்துப் பிடிக்கணும். 2014-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, 30 டிகிரி குனிந்தால் கழுத்தில் சுமை சுமார் 18 கிலோ, 60 டிகிரியில் 27 கிலோ. கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பும் உள்ளே ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால்தான் பிடரியில் கிளம்பிய வலி கண்ணுக்கு மேல் தெரிகிறது.

பயிற்சி: சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பார்வையை நேரே வைத்துத் தாடையைப் பின்னால் இழுங்க. 5 நொடி நிறுத்தி விடுங்க, 10 தடவை. பல்லைக் கடிக்க வேண்டாம், மெதுவாகப் போதும். பலரும் இழுப்பதாக நினைத்து முகத்தை அண்ணாத்துவார்கள். அப்படிச் செய்தால் பிடரி இன்னும் இறுகும்.

பட்டாலை: பயிற்சி மட்டும் போதாது தங்கச்சி, வேலையையே உயர்த்தி வைக்கணும். கொட்டானின் அடிப்பாகம் பின்னும்போதுதான் தலை ரொம்பத் தொங்கும். அதன் பக்கச்சுவர் எழும்பிவிட்டால் கொட்டானைக் கையில் தூக்கிக்கொள்ளலாம். அதனால் அடி முடியும்வரை சாய்வான கணக்குப்பெட்டி (கணக்கு எழுதும் மரப்பெட்டி) மேல் வைத்துப் பின்னுங்க. பெட்டி இல்லையென்றால் மடியில் தலையணை, அதன்மேல் பலகை. பலகை முழங்கை உயரத்துக்கு வரணும். ஜமுக்காளத்தை நாலாக மடித்து அதன்மேல் உட்கார்ந்தால் இடுப்பு நிமிரும்.

வெளிச்சம் முக்கியம். கறுப்பு, கருநீலச் சாய ஓலை மங்கலில் தெரியாது, முகம் தானாக ஓலைக்கிட்டே போகும். வளவை (வீட்டு நடுமுற்றத்தை) ஒட்டி, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி உட்காருங்க. அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருக்கணும்.

தேவகோட்டை பிசியோ: பட்டாலை சொன்னதோடு ஒன்று. இரட்டைப் பவர் கண்ணாடி போட்டவர்கள், பலகை உயர்ந்ததும் கீழ்ப் பவரில் பார்க்கத் தாடையைத் தூக்குவார்கள். அவர்களுக்குக் கிட்டத்து வேலைக்கென்றே தனிக் கண்ணாடி வேணும்.

காரைக்குடி ஓலை: நன்றி அண்ணே. சலூனில் கழுத்தைச் சொடுக்கினால் சரியாகும் என்கிறார்களே? மாத்திரை?

தேவகோட்டை பிசியோ: சொடுக்கவே கூடாது. வெடுக்கென்று திருப்பினால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். சாதாரண வலி மாத்திரையும் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்தால், அதுவே தலைவலியைக் கொண்டுவரும்.

இடி விழுந்தாற்போல் திடீர் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை மரத்துப் பலம் குறைவது, பார்வை மங்குவது, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி: இதில் எது இருந்தாலும் பயிற்சி வேண்டாம், உடனே டாக்டர்.