மறுமொழி: டிராப் செக்கர் – 'வளிச்சிமிழ்' எனலாமா?

குழுவினருக்கு வணக்கம். மீன்தொட்டியில் வைக்கும் 'டிராப் செக்கர்' (drop checker) என்ற கருவிக்குத் தமிழ்ப் பெயர் தேடும் பேச்சில் வந்த ஒரு பரிந்துரைக்கு என் பதில் இது.

> 'துளிச்சரிபார்ப்பி' என்று வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது.

நெருக்கமாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் அந்த மூலச்சொல்லே ஒன்றும் சொல்லவில்லையே! அந்தக் கருவி எந்தத் துளியையும் சரிபார்ப்பதில்லை. மீன்தொட்டிக்குள் செடி வளர்க்காதவர்களும் இங்கே இருப்பதால், அது என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொட்டிச் செடிகளுக்காகச் சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவைக் குமிழிகளாக விடுகிறோம். செடிக்கு அது சாப்பாடு; மிஞ்சினால் மீனுக்கு மூச்சுத்திணறல். லிட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் இலக்கு. கரைந்த வாயு கண்ணுக்குத் தெரியாதே, அதனால்தான் இந்தக் கருவி. வாய் கீழ்நோக்கியிருக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழ், தொட்டிச் சுவரின் உட்புறம் ஒட்டியிருக்கும். உள்ளே கொஞ்சம் கரைசல், அதில் புரோமோதைமால் நீலம் என்ற நிறம் மாறும் சாயம் சில சொட்டு. கரைசலுக்கும் தொட்டித் தண்ணீருக்கும் இடையில் காற்று சிறைப்பட்டிருக்கும். இரண்டு நீரும் கலக்காது. வாயு மட்டும் அந்தக் காற்றைக் கடந்து கரைசலுக்குள் போகும். நீலம் என்றால் போதாது, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் உடனே குறை.

'நீர்ச்சோதனி' என்று இன்னொரு பரிந்துரையும் வந்தது. அது வேண்டவே வேண்டாம் என்பேன். நானும் இது தண்ணீரைச் சோதிக்கும் கருவி என்று நினைத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு குமிழில் ஊற்றியவன். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரின் கார்பனேட் கடினத்தன்மை (கரைந்த கார்பனேட் உப்புகளின் அளவு; இது கூடினால் நிறம் மாற வாயுவும் கூடுதலாக வேண்டும்) 10 டிகிரி. குமிழில் ஊற்ற வேண்டியதோ 4 டிகிரிக்கென்றே தயாரித்த கரைசல். அது 30 மில்லிகிராமில் பச்சையாகும். என் தண்ணீர் அதே பச்சைக்கு வர 75 வரை வேண்டும். குமிழ் நீலமாகவே நின்றது, நானும் வால்வைத் திறந்துகொண்டே போனேன். மத்தியானம் பார்த்தால் நியான் டெட்ரா மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வாயுவை நிறுத்தி, காற்று பம்பைப் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றினேன். அப்படியும் நான்கு மீன் போய்விட்டது. குமிழ் அப்போதும் பச்சையாகவில்லை, நீலம் லேசாக வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே, உள்ளே போவது தண்ணீர் அல்ல, வளி என்பதைப் பெயரே சொல்ல வேண்டும். 'மானி' சேர்க்கவும் எனக்கு மனமில்லை. வெப்பமானி எண்ணைத் தரும். இது தருவது மூன்று நிறம்தான், அதுவும் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாக. 'நிறங்காட்டி'யைப் பள்ளி வேதியியலிலேயே எடுத்துக்கொண்டார்கள். அது உள்ளே இருக்கும் சாயத்துக்குரிய பெயர், பாத்திரத்துக்கு அல்ல. 'வளிகாட்டி' என்றால் காற்றாடி நினைவு வருகிறது.

மிஞ்சியது சிமிழ். குங்குமச்சிமிழை எல்லாருக்கும் தெரியும். சின்னது, தனக்கென்று ஒரு பொருளை உள்ளே வைத்திருப்பது, அதில் வேறெதையும் போட மாட்டோம். வளிச்சிமிழ் என்றால் வாயில் எளிதாக வருகிறது. இன்னொரு வசதி, கார்பன் என்ற சொல்லே இதில் இல்லை. இங்கே கார்பன் டை ஆக்சைடு, இலங்கையில் காபனீரொட்சைட்டு என்ற பழைய வழக்கைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

நிறம் மாறுவதை இந்தப் பெயர் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். சொல்லவில்லைதான். திசைகாட்டியும் தன்னுள் காந்தம் இருப்பதைச் சொல்வதில்லை.

சொல் நிற்குமா என்று பார்க்க, கொளத்தூர் மீன்கடையில் நின்று பேசுவதுபோல் இரண்டு வாக்கியம் சொல்லிப் பார்த்தேன்: "வளிச்சிமிழ் இன்னும் நீலமாவே இருக்குண்ணே." "விளக்குப் போடுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே வாயுவைத் திறந்துவிடு தம்பி, அப்புறம் பாரு." எனக்கு இடறவில்லை. 'துளிச்சரிபார்ப்பி'யை அதே இடத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

பபிள் கவுண்டருக்குக் குமிழெண்ணி என்று வந்திருக்கிறது. அது குமிழியைத்தான் எண்ண உதவுகிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை.