பத்தாம் வகுப்புக் கணக்கு: வரைபடமும் வடிவியலும் மட்டும் போதுமா?

நீடாமங்கலம் பெற்றோர்

என் மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். கணக்கில் 35-க்குக் கீழே எடுத்தவர்களுக்குத் தனி அறை. பொதுத்தேர்வு வரை அவர்களுக்கு வரைபடம், செய்முறை வடிவியல், ஒரு மதிப்பெண் வினாக்கள், நிகழ்தகவில் ஓரிரு கணக்குகள், அவ்வளவுதான். முக்கோணவியல், அளவியல் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். என் மகள் அந்த அறையில்தான் இருக்கிறாள். "நாங்கள் எல்லாம் முப்பத்தைந்து குரூப் அம்மா" என்று வீட்டில் வந்து சொல்கிறாள். ஜூன் மாதம் எல்லாருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, ஜனவரியில் பாதிப் புத்தகம் உனக்கு வேண்டாம் என்று பிடுங்கிக்கொள்வது என்ன நியாயம்? பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். வரும் கூட்டத்தில் இதை எதிர்க்கப் போகிறேன். ஆசிரியர்கள் இருந்தால் பதில் சொல்லுங்கள்.

கணக்கு ஆசிரியர், ஒரத்தநாடு வட்டம்

அம்மா, நானும் என் பள்ளியில் இதைத்தான் செய்கிறேன். ஏன் என்று வினாத்தாளை வைத்தே சொல்கிறேன்.

14 ஒரு மதிப்பெண் வினாக்கள். இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10. கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். இந்த இரண்டிலேயே 16 மதிப்பெண். வடிவொத்த முக்கோணம் வரைதல், வட்டத்துக்குத் தொடுகோடு வரைதல், இருபடிச் சமன்பாட்டின் பரவளையம், மாறல் வரைபடம் என்று வகைகளும் கைவிரலுக்குள் அடங்கும். கூட்டல் கழித்தலில் தடுமாறுகிற பிள்ளைக்கும் கவராயம் பிடிக்க வரும். உதவிப்படம் போட்டு, அளவுத்திட்டம் எழுதி, அச்சுகளைக் குறித்துவிட்டால் விடை முழுதாக வராவிட்டாலும் கொஞ்சம் மதிப்பெண் நிற்கும். ஒரு மதிப்பெண்ணில் எட்டோ ஒன்பதோ தேறினால் 25 வந்துவிட்டது. கார்டீசியன் பெருக்கல் போன்ற இரண்டு மதிப்பெண் வினா மூன்றும், நிகழ்தகவில் ஓர் ஐந்து மதிப்பெண் வினாவும் எழுதினால் தேர்ச்சி.

ஜனவரியில் என் முன்னால் உட்கார்ந்திருக்கும் சில பிள்ளைகளுக்கு எதிர்ம எண்களைக் கூட்டத் தெரியவில்லை. அவர்களுக்கு முக்கோணவியலில் வரும் உயரங்களும் தூரங்களும் நடத்தினால் எனக்கு மனநிறைவு கிடைக்கும், அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. மே மாதம் தேர்வு முடிவில் தோல்வி என்று வந்தால் அந்தப் பிள்ளை மறுநாளே திருப்பூருக்கு பஸ் ஏறிவிடும். நான் அதைத் தடுக்கப் பார்க்கிறேன்.

முதுநிலை ஆசிரியர் (இயற்பியல்), மன்னார்குடி

உங்கள் கணக்கு சரிதான் சார். ஆனால் அந்த 35-ஐ எடுத்துக்கொண்டு பிள்ளை எங்கே வருகிறது? ஜூன் மாதம் எங்கள் மேல்நிலைப் பள்ளியின் பதினோராம் வகுப்புக்கு வருகிறது. இயற்பியலில் தொடக்கத்திலேயே வெக்டர். சைன், கொசைன் என்றால் என்னவென்று கேட்டால் பத்தாம் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்தவே இல்லை என்கிறார்கள். நடத்தவில்லை என்பது உண்மையா, நடத்தியது மனதில் நிற்கவில்லையா என்று இனிக் கேட்டுப் பயனில்லை. மூன்று முக்கோணவியல் விகிதங்களைச் சொல்லிக்கொடுக்கவே எனக்கு ஒரு மாதம் போகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்தச் சுருக்கு வழி முதலில் பிப்ரவரி மாத மருந்தாக இருந்தது. பிறகு அரையாண்டு முடிந்ததும் தொடங்கினார்கள். இப்போது காலாண்டுத் தேர்வுத் தாளைத் திருத்தியவுடனே பிள்ளைகளைப் பிரித்துவிடுகிற பள்ளிகள் இருக்கின்றன. இந்தச் சில பாடங்களை மட்டும் தொகுத்து 'மெல்லக் கற்போர் கையேடு' என்று கொடுக்கிறார்கள். செப்டம்பரில் ஒரு பிள்ளையைக் கைவிடுவதற்குக் கையேடு என்று பெயரா?

கோட்டூர் மின்பணியாளர்

நான் அந்த அறையில் படித்தவன். பொதுத்தேர்வில் கணக்கில் தோல்வி. ஜூலையில் நடந்த துணைத் தேர்வுக்கு எங்கள் ஆசிரியர் கொடுத்த மெல்லக் கற்போர் கையேட்டை மட்டுமே படித்துத் தேறினேன். அந்தத் தேர்ச்சியால்தான் ஐடிஐயில் மின்பணியாளர் பிரிவு கிடைத்தது. பாலிடெக்னிக்குக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான். குரூப் 4 தேர்வு எழுதவும் அதுதான் தகுதி. இயற்பியல் ஆசிரியர் தம் வகுப்புக்கு வருகிறவர்களை மட்டும் பார்க்கிறார். அங்கே வராமலே போகிறவர்களுக்கு அந்த 35 மதிப்பெண் ஒரு வாழ்க்கை. தயவுசெய்து கூட்டத்தில் போய் அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், திருத்துறைப்பூண்டி

தம்பி சொல்வதை நான் மதிக்கிறேன். கையேடு இருக்கட்டும். அதை எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில்தான் எனக்குக் கோபம்.

2017-இல் மாநில, மாவட்ட அளவில் முதலிடங்களை அறிவிப்பதை அரசு நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு போகவில்லை. ஆய்வுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியரை எழுப்பி, "எந்தப் பாடம், எத்தனை பேர்?" என்று கேட்கும் வழக்கமும் போகவில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்துதான், தேற மாட்டான் என்று தோன்றுகிற பையனை ஒன்பதாம் வகுப்போடு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள், தனித்தேர்வராக எழுதச் சொல்லி அனுப்புகிறார்கள். நூற்றுக்கு நூறு என்று வாசலில் பேனர் கட்டிய பள்ளியில், அப்படி வெளியே போனவர்களின் எண்ணிக்கை எந்தப் பேனரிலும் இருக்காது. கையேடு பிள்ளைக்காக என்றால் நான் உங்கள் பக்கம். பேனருக்காக என்றால் எதிர்ப்பக்கம்.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நமக்கு எத்தனை வேலை நாள்கள் போகின்றன! மழை விட்டாலும் தாழ்வான ஊர்களில் பள்ளி வளாகத்தில் தண்ணீர் வடிவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம் பக்கம் பள்ளிகளே நிவாரண முகாம்கள் ஆயின. இழந்த நாள்களைத் தை, மாசியில் சிறப்பு வகுப்பு வைத்து ஈடுகட்டப் பார்க்கிறோம். சம்பா அறுவடை நடப்பதும் அப்போதுதான். அறுப்புக்கு இயந்திரம் வந்துவிட்டது, உண்மை. ஆனால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறை வரும்வரை காவல் இருக்க ஆள் வேண்டும். தகப்பன் பகலில் இருந்தால் இரவில் மகன் இருக்கிறான். மறுநாள் முதல் திருப்புதல் தேர்வில் அவன் தூங்கி வழிந்தால் அவனை மெல்லக் கற்பவன் என்று எழுதிவிடுகிறோம். அறிவியல் செய்முறைத் தேர்வும் பிப்ரவரியில்தான். அதில் 25-க்கு 15, எழுத்துத் தேர்வில் 75-க்கு 20 தனித்தனியாக எடுக்க வேண்டும். செய்முறைக்கு வராமல் போன பிள்ளையை எந்தக் கையேடும் காப்பாற்றாது.

நீடாமங்கலம் பெற்றோர்

ஐயா, பேருந்தையும் சொல்லுங்கள். சிறப்பு வகுப்பு ஆறு மணிக்கு முடிகிறது. எங்கள் ஊருக்குப் போகும் நகரப் பேருந்து ஐந்தரைக்குப் போய்விடும், அடுத்தது ஏழே முக்காலுக்கு. இருட்டில் ஆற்றங்கரைச் சாலையில் பெண் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். இரண்டு வீடுகளில் சிறப்பு வகுப்பே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

மின்பணியாளர் தம்பி எழுதியதைப் படித்த பிறகும் என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. என் மகள் முட்டாள் இல்லை. அரையாண்டில் 29 எடுத்தாள். வடிவொத்த முக்கோணத்துக்கு அப்பால் அவளுக்கு ஒன்றும் வராது என்று யார் முடிவு செய்தது? 29 எடுத்தவளையும் 6 எடுத்தவனையும் ஒரே அறையில் வைத்து ஒரே தாளைக் கொடுக்கிறார்கள். அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

கணக்கு ஆசிரியர், ஒரத்தநாடு வட்டம்

அதற்குப் பதில் இருக்கிறது அம்மா, கேட்க நன்றாக இருக்காது. என் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை கணக்குக்கு நான் ஒருவன்தான். மூன்றாவதாக ஓர் அறை வைக்க ஆள் இல்லை. 29 எடுத்த பிள்ளைக்கு ஆயத்தொலை வடிவியலும் அளவியலும் சொல்லிக்கொடுத்தால் 50 தாண்டும், எனக்குத் தெரியும். வேறொன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லாமல் வரும் கட்டாய வினாக்களைத்தான் விட வேண்டியிருக்கும். மற்றவை வரும்.

முதுநிலை ஆசிரியர் (இயற்பியல்), மன்னார்குடி

அப்படியானால் கூட்டத்தில் கையேட்டை எதிர்க்காமல் இதைக் கேளுங்கள் அம்மா: 20-க்கு மேல் எடுத்தவர்களை அந்த அறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். முக்கோணவியலும் அளவியலும் அவர்களுக்கு உண்டு. பள்ளி மேலாண்மைக் குழு முடிவு செய்தால் படித்த இளைஞர் யாரையாவது மூன்று மாதத்துக்கு ஏற்பாடு செய்யலாம். சனிக்கிழமைகளில் நானே வருகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், திருத்துறைப்பூண்டி

சிறப்பு வகுப்பைக் காலை எட்டு மணிக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். காலை முதல் பேருந்தில் இடம் இருக்கும், பிள்ளையும் களைப்பாக இருக்காது. பணிமனைக்குக் கொடுக்கும் மனுவில் தலைமை ஆசிரியரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஐந்தரை வண்டியை ஆறேகால் ஆக்குவதும் நடக்கக்கூடியதுதான்.

கோட்டூர் மின்பணியாளர்

காலை எட்டு மணி என்றால் 6 எடுத்தவன் வர மாட்டான் ஐயா. அந்த நேரத்தில் அவன் மாடு கறந்துகொண்டிருப்பான். மாலையில் ஓர் அறையை அவனுக்காக விட்டுவையுங்கள்.

நீடாமங்கலம் பெற்றோர்

மூன்றையும் எழுதிக்கொண்டேன். 29-க்கும் 6-க்கும் தனித்தனி அறை, பேருந்து மனு, மாலை வகுப்பு நீடிப்பது. முக்கோணவியல் வேண்டும் என்று கேட்பதை நான் விடப்போவதில்லை. இயற்பியல் ஆசிரியர் ஐயா, எந்தச் சனிக்கிழமை வருவீர்கள் என்று சொன்னால் கூட்டத்தில் தேதியோடு சொல்லிவிடுவேன்.