‘சென்சிட்டிவ் பேரண்டிங்’, ‘வீடியோ ஃபீட்பேக்’: தமிழ்ச் சொற்கள் பற்றி

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். குழந்தையின் தேவையை உணர்ந்து அதற்கேற்பப் பெற்றோர் நடந்துகொள்வதைக் குறிக்கும் ‘சென்சிட்டிவ் பேரண்டிங்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக முந்தைய மடலில் முன்வைக்கப்பட்ட ‘உணர்திறன்மிக்க பெற்றோர்மை’ எனக்கு உடன்பாடில்லை. உணர்திறன் என்பது கருவிகளுக்கும் தோலுக்கும் வழங்கிவரும் சொல். பெற்றோருக்கு அடைமொழியாக்கினால், எளிதில் மனம் நோகிறவர்கள் என்றே பலரும் பொருள்கொள்வர்.

இக்கருத்தை வகுத்த உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த், உகாண்டாவிலும் பின்னர் பால்டிமோரிலும் வீடுகளுக்கே சென்று தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் கவனித்தவர். குழந்தை காட்டும் குறிப்பைக் காணுதல், அதன் பொருளைச் சரியாக உணர்தல், காலந்தாழ்த்தாமல் தக்கபடி மறுமொழி தருதல் ஆகிய அனைத்தையும் அவர் இதில் அடக்கினார். ‘குறிப்பறிதல்’ என்பது இதற்கு மிக அருகில் வந்தாலும் அறிவதோடு நின்றுவிடுகிறது. பசியழுகை என்று தெரிந்தும் தூக்காதவரும் குறிப்பறிந்தவரே. ஆகவே ‘குறிப்பறிந்து பேணல்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

‘வீடியோ ஃபீட்பேக்’ என்பதற்குக் ‘காணொளிப் பின்னூட்டம்’ போதும் என்பது என் கருத்து. பின்னூட்டம் என்றால் குறைசொல்வது என்ற எண்ணம் எழும் என நண்பர் ஒருவர் அஞ்சுவது நியாயமே. ஆனால் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஃபெம்மி யூஃபர், மரியன் பாக்கர்மன்ஸ்-கிரானன்பர்க், மரினஸ் வான் ஐசண்டோர்ன் ஆகியோர் உருவாக்கிய முறையைப் பாருங்கள். பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து தாயும் குழந்தையும் விளையாடுவதைப் பதிவுசெய்கிறார். அடுத்த வருகையில் அவரும் தாயும் அப்பதிவைச் சேர்ந்து பார்க்கின்றனர். குழந்தை கட்டையை உயர்த்தித் தாயைப் பார்க்கிறது, தாய் சிரிக்கிறார், குழந்தை கைகொட்டுகிறது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, “‘அம்மா, இதைப் பாருங்கள்’ என்கிறான்” என்று குழந்தையின் சார்பில் வந்தவர் பேசுகிறார். திருத்தம் சொல்வது மூன்றாம் வருகையிலிருந்துதான். அதற்கு முன் தாய் நன்றாகச் செய்தவையே காட்டப்படுகின்றன. வேறு சொல் தேடுவதைவிட, சொல்விளக்கத்தில் இதை எழுதிவிட்டால் அந்த அச்சம் நீங்கும்.

குறிப்பு, மறுமொழி, குழந்தையின் மகிழ்ச்சி என்ற இந்தத் தொடர்ச்சியைக் ‘குறிப்பறி சங்கிலி’ எனலாம்.

இதே முறையில், குழந்தையைக் கண்டித்து வழிநடத்துவதைப் பற்றி வரும் ‘சென்சிட்டிவ் டிசிப்ளின்’ என்பதற்கு ‘ஒழுங்கு நடவடிக்கை’ அறவே வேண்டா. அது அலுவலக ஆணையின் மொழி. காரணத்தை எடுத்துச் சொல்வதும், கவனத்தை வேறுபக்கம் திருப்புவதும், நல்ல செயலைப் பாராட்டுவதும் போன்றவையே அங்கு நடப்பவை. ‘பரிவோடு நெறிப்படுத்தல்’ பொருந்துமா என்று குழந்தைகள் நலத்துறையில் பணிபுரியும் உறுப்பினர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்