கடலை ஒட்டின ரெண்டு ஏரி: ஒண்ணு நல்ல தண்ணி, ஒண்ணு உப்பு. ஏன்?

பள்ளத்தூர் மீனா:
எங்க மக பினாங்குல இருக்கா. போன லீவுக்கு லங்காவி போயி, தயாங் புந்திங் ஏரியில குளிச்சிட்டு வந்தா. படகை விட்டு இறங்கி ஒரு மேட்டைத் தாண்டினா ஏரியாம். ஒரு பக்கம் பாறைச் சுவர் ஒண்ணுதான் கடலைத் தடுக்குது, தண்ணியோ நல்ல தண்ணி. அப்புறம் பலாவ் நாட்டு ஜெல்லிமீன் ஏரி வீடியோ பார்த்தேன். அங்கயும் சுத்திப் பாறைதான், வாய்க்கால் எதுவும் கண்ணுக்குத் தெரியலை. ஆனா உள்ள இருக்கிறது கடல் தண்ணி! யாராவது விளக்குங்களேன்.

தேவகோட்டைப் பையன்:
சுனாமி தூக்கி ஊத்தியிருக்கும் ஆச்சி.

குவாரி அண்ணாச்சி:
சுனாமி ஊத்தினதா இருந்தா இத்தனை வருஷ மழைக்கு உப்பு எப்பவோ போயிருக்கும் தம்பி. பலாவ்ல மழைக்குப் பஞ்சமே இல்லை.

நான் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில வேலை பார்த்தவன், இப்ப கண்டனூர்ல இருக்கேன். குவாரிக்குப் போறப்ப பையில ஒரு சின்ன பாட்டில் ஆசிட் இருக்கும். கல்லுல ஒரு சொட்டு விட்டா, சுண்ணாம்புக்கல் சுர்ருனு நுரைச்சுப் பொங்கும். கருங்கல் வெறுமனே நனையும், அவ்வளவுதான். மழைத் தண்ணியும் ரொம்ப மெல்லிசான ஆசிட்தான். காத்துல இருக்கிற கரியமில வாயுவைக் கரைச்சுக்கிட்டு விழுது, மண்ணுக்குள்ள இறங்கறப்ப இன்னும் நிறைய சேர்த்துக்குது. அது வெடிப்பு வழியா இறங்கி, வெடிப்பைச் சந்தாக்கி, சந்தைக் குகையாக்கும். சில இடத்துல மேலயிருந்தே அரிச்சுக் குழியாக்கும், சில இடத்துல குகைக் கூரை இடிஞ்சு பெரிய பள்ளம் விழும். இப்படி அரிச்ச நிலத்துக்குத்தான் கார்ஸ்ட்னு பேரு. பலாவ் பாறைத் தீவுகள் பழைய பவளத்திட்டு மேல தூக்கி நின்னது. அதுவும் சுண்ணாம்புக்கல்தான்.

இப்பதான் விஷயமே. இந்தப் பள்ளமெல்லாம் உருவானப்ப கடல் கிட்டக்கவே இல்லை. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி, பனியுகம் உச்சத்துல இருந்தப்ப, கடல் மட்டம் இன்னைக்கு இருக்கிறதைவிட 120 மீட்டர் கீழ இருந்துச்சு. தொண்டியில கிளம்பினா கால் நனையாம யாழ்ப்பாணம் போயிருக்கலாம். அப்புறம் பனி உருகி, கடல் ஏறி, பாறைக்குள்ள மழை அரிச்சு வச்ச அதே சந்து வழியா உள்ள வந்துச்சு. அதாவது மேலயிருந்து ஊத்தலை, கீழயிருந்து ஊறுச்சு. அதனாலதான் உங்க கண்ணுக்கு வாய்க்கால் தெரியலை. ஆழமான பள்ளத்தைக் கடல் முதல்ல எட்டும், ஆழம் கம்மியான பள்ளத்துக்குப் பின்னாடிதான் வரும். ஜெல்லிமீன் ஏரி 30 மீட்டர் ஆழம், வயசு சுமார் 12,000 வருஷம்னு சொல்றாங்க. இன்னைக்கும் கடல் ஏறி வத்தறப்ப ஏரியும் ஏறி வத்துது, ஆனா தாமதமா, அளவும் கம்மியா. சந்து குறுகல், தண்ணி நினைச்ச வேகத்துக்குப் போய் வர முடியாது.

பள்ளத்தூர் மீனா:
அப்ப லங்காவி ஏரிக்குச் சந்து இல்லையா அண்ணாச்சி?

குவாரி அண்ணாச்சி:
அதுவும் சுண்ணாம்புக்கல் பள்ளம்தான் ஆச்சி. ஆனா கடல் தண்ணி தாராளமா வந்து போற வழி அதுல இல்லை. சுத்தியிருக்கிற காட்டு மழை அங்கயே சேர்ந்து நிக்குது. பக்கத்துல கடல் இருக்குங்கிறதுல ஒண்ணுமில்லை, பாறைக்குள்ள வழி எப்படிங்கிறதுதான் கணக்கு. பலாவ் பாறைத் தீவுகள்ல மட்டும் 52 கடல் ஏரி இருக்குன்னு யுனெஸ்கோ குறிப்பு சொல்லுது. வியட்நாம் ஹாலாங் விரிகுடா, இந்தோனேசியாவோட மிசூல், குரோஷியாவோட ம்லியெட் தீவுலயும் உண்டு. இந்தோனேசியாவோட இன்னொரு தீவு ககாபான், அதோட கதை கொஞ்சம் வேற: அங்க பவளத்தீவே மேல எழும்பி, நடுவுல இருந்த கடல் அப்படியே மாட்டிக்கிச்சு.

தேவகோட்டைப் பையன்:
நம்ம ஊரணி இப்படி உப்பாகுமா?

குவாரி அண்ணாச்சி:
நம்ம செம்புறாங்கல் மழைக்கு இப்படிக் கரையாதுப்பா, குகையும் விழாது. கடலும் தூரம். ஊரணிக்கு ஆபத்து வரத்துக்கால்ல வீடு கட்டறவங்களாலதான்.

காரைக்குடி நர்ஸ்:
அந்த ஜெல்லிமீன் கொட்டாதாமே? என் தம்பி டைவிங் பழகியிருக்கான், அங்க போகணும்னு குதிக்கிறான்.

குவாரி அண்ணாச்சி:
கொட்டும், ஆனா நமக்கு உறைக்காத அளவுக்குத்தான். அதோட உடம்புல பாசி குடியிருக்கு. அதுக்கு வெயில் வேணும்னு தினமும் சூரியன் பக்கமா நீந்திப் போகும். ஒவ்வொரு ஏரியும் தனித்தனியா அடைபட்டதால அஞ்சு ஏரியில அஞ்சு உள்ளினமாப் பிரிஞ்சிருக்கு. அதுகளுக்கு பலாவ் அதிபர்கள் பேரை வச்சிருக்காங்க!

தம்பிகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. அங்க சிலிண்டர் கட்டி முங்க அனுமதி கிடையாது, மேலாப்புல நீந்தலாம். சுத்திப் பாறையும் காடும் காத்தை மறைக்கிறதால மேல் தண்ணியும் கீழ் தண்ணியும் கலக்கறதே இல்லை. சுமார் 15 மீட்டருக்குக் கீழ ஆக்சிஜன் கிடையாது, ஹைட்ரஜன் சல்பைடுதான். அந்த விஷம் மூச்சு வழியாத்தான்னு இல்லை, தோல் வழியாவும் உடம்புக்குள்ள போகும்.