எக்கோவில் 'டிஸ்சிங்க்ரனி இல்லை' என்று வந்தால் சிஆர்டி வைத்துப் பயன் இல்லையா?

வேப்பமரம்:
அப்பாவுக்கு 66 வயது. இரண்டு வருடமாக இதயத்தின் பம்பிங் குறைவு, மருந்தெல்லாம் முழு அளவில் போய்க்கொண்டிருக்கிறது, இருந்தும் 28 சதவீதத்தைத் தாண்டவில்லை. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். ஈசிஜியில் எல்பிபிபி (இதயத்தின் இடப்பக்கத்துக்கு மின் தூண்டல் போகும் பாதையில் தடை), கியூஆர்எஸ் (கீழறைகள் முழுக்க அந்தத் தூண்டல் பரவ எடுக்கும் நேரம்) 160 மில்லிசெகண்ட். எங்கள் டாக்டர் சிஆர்டி பேஸ்மேக்கர் (இரண்டு கீழறைகளையும் சேர்ந்து துடிக்க வைக்கும் கருவி) வைக்கச் சொல்கிறார். இன்னொரு கருத்து கேட்கலாம் என்று வேறு இடத்தில் எக்கோ எடுத்தோம், அந்த ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'குறிப்பிடும்படியான டிஸ்சிங்க்ரனி இல்லை' என்று போட்டிருக்கிறார்கள், அதாவது இதயச் சுவர்கள் ஒன்றோடொன்று நேரம் தவறிச் சுருங்கவில்லையாம். அதிலிருந்து அப்பா, "அப்ப எனக்கு எதுக்கு, காசு வீண்" என்று பிடிவாதமாக இருக்கிறார். மூன்றில் ஒருவருக்குப் பலனே கிடைக்காது என்றும் படித்தேன். எக்கோவை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியாதா?

ஸ்டெத் (இதய மருத்துவர்):
அந்த ஒரு வரிக்காக சிஆர்டியைக் கைவிடாதீர்கள். நீங்கள் கேட்கும் இதே கேள்வியோடுதான் ப்ராஸ்பெக்ட் ஆய்வு நடந்தது, முடிவு 2008இல் வந்தது. ஐரோப்பா, ஹாங்காங், அமெரிக்காவில் 53 மையங்கள், 498 நோயாளிகள், எக்கோவில் எடுக்கும் 12 வகை டிஸ்சிங்க்ரனி அளவுகள். யாருக்குப் பலன் கிடைக்கும் என்று நம்பிச் சொல்லும்படி அதில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் இரண்டு எண் வந்தது, அதுவும் பெரிய குறை.

இதற்கு நேர் எதிராகவும் பார்த்தார்கள். ஈசிஜியில் கியூஆர்எஸ் 130க்குக் கீழே, ஆனால் எக்கோவில் டிஸ்சிங்க்ரனி இருக்கிறது என்ற 809 பேருக்குக் கருவி வைத்து, பாதிப் பேருக்கு சிஆர்டியை ஆன் செய்தார்கள், பாதிப் பேருக்குச் செய்யவில்லை. 2013இல் வெளியான எக்கோசிஆர்டி இதுதான். ஆன் செய்தவர்களில் 11.1 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 6.4. ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதனால்தான் இன்றைக்கும் ஈசிஜிதான் முதல் சாட்சி. பம்பிங் 35 சதவீதம் அல்லது அதற்குக் கீழ், எல்பிபிபி, 150க்கு மேல் கியூஆர்எஸ், மருந்துக்குப் பிறகும் மூச்சு வாங்குதல் என்றால் வழிகாட்டு நெறிகள் தயங்காமல் பரிந்துரைக்கின்றன. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அதுதான்.

எக்கோ அறை:
டாக்டர் சொன்னது சரி, ஆனாலும் எக்கோவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது வருடமாக எக்கோ எடுக்கிறேன். எல்பிபிபி உள்ள சிலருக்குத் திரையிலேயே தெரியும்: இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கிற சுவர் துடிப்பு தொடங்கியதும் வெடுக்கென்று உள்ளே ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்பிவிடும், அப்புறம்தான் பக்கச் சுவர் மெதுவாக உள்ளே வரும், இதயத்தின் நுனி அங்கும் இங்கும் ஆடும். ஈரத்துணியை இரண்டு கையும் சேர்ந்து முறுக்கினால்தானே தண்ணீர் இறங்கும், ஒரு கை முறுக்கி விட்ட பிறகு மறு கை முறுக்கினால் எங்கே இறங்கும். சிஆர்டி இரண்டு கையையும் சேர்த்து வைக்கிற வேலை. அந்த இழுப்பும் ஆட்டமும் இருந்தால் நல்ல அறிகுறி, பல பேரிடம் பலன் வருவதைப் பார்த்திருக்கிறேன். இல்லை என்பதற்காகக் கதவைச் சாத்தவும் கூடாது.

தழும்பைப் பற்றிக் கேளுங்கள். அப்பாவுக்கு முன்பு மாரடைப்பு வந்திருக்கிறதா? இடது கீழறைக்கான லீட் (கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் மின்கம்பி) பெரும்பாலும் பக்கச் சுவர் மேல் ஓடும் சிரைக்குள் போகும். அந்த இடம் மெலிந்து, அசையாமல், செத்த தசையாக இருந்தால் அங்கே கரண்ட் கொடுத்துப் பெரிதாக ஒன்றும் நடக்காது. எந்த இடம் கடைசியில் சுருங்குகிறது, எங்கே தழும்பு என்று ஸ்பெக்கிள் டிராக்கிங்கில் (எக்கோ படத்தில் தசையின் அசைவைப் புள்ளி புள்ளியாகப் பின்தொடரும் முறை) பார்த்து லீட் வைத்த டார்கெட் ஆய்வில், 220 பேரை இரண்டாகப் பிரித்தார்கள்; வழக்கம்போல் லீட் வைத்தவர்களில் 55 சதவீதம் பேருக்கும், இப்படிப் பார்த்து வைத்தவர்களில் 70 சதவீதம் பேருக்கும் பலன் கிடைத்தது. தழும்பை எம்ஆர்ஐ இன்னும் தெளிவாகக் காட்டும், எடுப்பதாக இருந்தால் கருவி வைக்கும் முன்பே எடுத்துவிடுவது சுலபம்.

மல்லிப்பூ:
என் அம்மாவுக்கு வைத்து நாலு மாதம் ஒரு மாற்றமும் இல்லை, நாங்களும் பணம் போச்சு என்றே உட்கார்ந்துவிட்டோம். செக்கப்பில் கருவியைப் படித்துப் பார்த்தால் நடுநடுவே அதிகப்படி துடிப்புகள் வந்து பேஸிங் (கருவியே துடிக்க வைப்பது) மொத்தத் துடிப்பில் 84 சதவீதம்தான் நடந்திருக்கிறது, 98க்குப் பக்கம் இருக்க வேண்டுமாம். மருந்து கொடுத்து அதை அடக்கிய பிறகுதான் தெளிந்தார். இப்போது காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார். வைத்த பிறகு அந்தச் சதவீதத்தை ஒவ்வொரு முறையும் கேளுங்கள் தம்பி.

வேப்பமரம்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததில்லை, ஆஞ்சியோவிலும் அடைப்பு இல்லை. பலன் கிடைத்ததா என்று எதை வைத்து, எப்போது பார்ப்பார்கள்?

ஸ்டெத் (இதய மருத்துவர்):
அடைப்பு இல்லாத இதயம் என்பது உங்களுக்குச் சாதகம். வழக்கமாக ஆறு மாதம் கழித்து எக்கோ எடுப்போம். சுருங்கி முடிந்ததும் இடது கீழறையில் மிஞ்சும் ரத்தத்தின் அளவு 15 சதவீதமாவது குறைந்திருந்தால் இதயம் தேறுகிறது என்று எடுத்துக்கொள்வோம். அதனால் வைப்பதற்கு முன் எடுக்கும் எக்கோவில் அந்த அளவு கட்டாயம் எழுதப்பட வேண்டும், இல்லையென்றால் பிறகு எதோடு ஒப்பிடுவது?

வேப்பமரம்:
ரிப்போர்ட்டில் அது எழுதவில்லை, இப்போதுதான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது மறுபடி எக்கோ எடுத்து எழுதித் தரக் கேட்கிறேன். ஈசிஜித் தாளை அப்பா கையிலேயே கொடுத்துக் கட்டங்களை எண்ணச் சொன்னேன், ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். நாலு வந்தது. "எவ்வளவு இருக்கணும்?" என்று கேட்டார். மூன்றுக்குள் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை எண்ணினார்.