'ஓசிமாண்டியஸ்' கட்டுரையில் நாலு இடத்தில் "அதனால் என்ன?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்

நீலமை:
வணக்கம். ஆங்கில வகுப்புக்கு ஷெல்லியின் 'ஓசிமாண்டியஸ்' பற்றி 600 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும். கேள்வி, "அதிகாரம் நிலைக்காது என்பதைக் கவிஞர் எப்படிக் காட்டுகிறார்?" எழுதிக் கொடுத்தேன், டீச்சர் மதிப்பெண்கூடப் போடாமல் திருப்பிவிட்டார். முதல் பத்தியில் ஷெல்லி 1792இல் பிறந்தார், 1822இல் கடலில் மூழ்கி இறந்தார் என்று அவர் வாழ்க்கை. அடுத்த பத்தி கதைச் சுருக்கம்: பாலைவனத்தில் ஒரு ராஜாவின் சிலை உடைந்து கிடக்கிறது, பீடத்தில் 'நான் ராஜாக்களுக்கு ராஜா, என் செயல்களைப் பார்த்து நம்பிக்கை இழந்துபோங்கள்!' என்று கல்வெட்டு, இதை ஒரு வழிப்போக்கன் வந்து சொல்கிறான். அப்புறம் கடைசி வரியில் அலிட்டரேஷன் (மோனை) இருக்கிறது, 'ராஜாக்களுக்கு ராஜா' என்பது மிகைப்படுத்தல், கல்வெட்டில் ஐரனி (முரண்நகை) இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து எழுதியிருந்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் நாலு தடவை "அதனால் என்ன?" வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தர வேண்டும். எனக்குப் புரிந்ததெல்லாம் ராஜா திமிராக இருந்தான், சிலை உடைந்துபோச்சு, அவ்வளவுதான். இதை வைத்து எப்படி 600 வார்த்தை இழுப்பது? எழுதித் தரச் சொல்லவில்லை, எங்கே கோட்டை விட்டேன் என்று சொன்னால் போதும்.

கடைசிப்பெஞ்ச்:
முதல் பத்தியை அப்படியே தூக்கிவிடுங்கள். அவர் கடலில் மூழ்கியதற்கும் இந்தக் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சுருக்கமும் வேண்டாம், டீச்சர் கவிதையைப் படித்திருப்பார்.

பாதி_வாத்தியார்:
மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் உண்மையான சிக்கல் மூன்றாவது பத்தியில் இருக்கிறது. அணிகளைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று சொல்லவில்லை. "கடைசி வரியில் மோனை இருக்கிறது" என்பது சமையலில் உப்பு இருக்கிறது என்பது மாதிரி. அந்த முடிவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: பவுண்ட்லெஸ், பேர், லோன், லெவல், ஸாண்ட்ஸ், ஸ்ட்ரெச் (எல்லையில்லாத, வெறுமையான, தனித்த, சமதளமான மணல் விரிந்து கிடக்கிறது). ஒரே ஒலி இரண்டிரண்டாக வந்து சமதளமாக ஓடுகிறது, எங்கேயும் மேடு பள்ளம் இல்லை, மணல் மாதிரியே. இதற்கு முன்னால் ராஜா ஆச்சரியக்குறி போட்டுக் கத்தியிருக்கிறான். அவன் கத்தல் முடிந்த உடனே "வேறெதுவும் மிச்சமில்லை" என்று ஆங்கிலத்தில் மூன்றே வார்த்தையில் ஒரு வாக்கியம், அப்புறம் வெறும் மணல். கத்தலுக்குப் பதிலாக அமைதி வருகிறது என்று எழுதினால், அதுதான் டீச்சர் கேட்ட "அதனால் என்ன"வுக்குப் பதில்.

இன்னொன்று. யார் பேசுவது என்று பார்த்தீர்களா? குறுந்தொகைப் பாட்டுக்குக் கீழே 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று போட்டிருக்குமே, அந்தக் கேள்வியை இங்கேயும் கேளுங்கள். 'நான்' என்பவர் பேசுவது முதல் வரியும் கொஞ்சமும்தான். மீதி எல்லாம் வழிப்போக்கன் கூற்று. அதற்குள்ளே கல்வெட்டு, ராஜா கூற்று. உலகத்தையே நடுங்க வைத்தவன் குரல், யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, மூன்றாவது கை மாறித்தான் நமக்கு வருகிறது. 14 வரியில் அவனுக்குச் சொந்தமானது இரண்டே வரி! அதிகாரம் எவ்வளவு சுருங்கிப்போனது என்பதைக் கவிதையின் கட்டமைப்பே காட்டிவிடுகிறது. இது ஒன்றுக்கே தாராளமாக 200 வார்த்தை வரும்.

மணிமுள்:
நான் ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எட்டாவது வரியில் 'மாக்டு' (mocked) என்று வருகிறது. இதற்கு இரண்டு அர்த்தம், ஒன்று பார்த்து அப்படியே வடிப்பது, இன்னொன்று கேலி செய்வது. சிற்பியின் கை ராஜாவின் முகச்சுளிப்பைக் கல்லில் வடித்தது, வடிக்கும்போதே கிண்டலும் செய்தது. முன்வரியில் உள்ள 'ஸர்வைவ்' (survive) என்பதைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள், நானும் பல நாள் அப்படித்தான் படித்தேன். அங்கே அது 'பிழைத்திருப்பது' மட்டும் இல்லை, இன்னொன்றைத் தாண்டி வாழ்வது. அந்தத் திமிர், சிற்பியின் கையையும் ராஜாவின் நெஞ்சையும் தாண்டி, உயிரில்லாத கல்லில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் எல்லாமே அழிந்தது என்று எழுத முடியாது, பாருங்கள். ராஜா கட்டியது போச்சு, கூலிக்கு உளி பிடித்தவன் செய்தது பாதியாவது நிற்கிறது.

நீலமை:
ஐயோ, எட்டாவது வரியை நான் புரியாமல் தாண்டியே போய்விட்டேன். இப்போது மையக் கருத்தை இப்படி மாற்றியிருக்கிறேன், சரியா பாருங்கள்: "இந்தக் கவிதையில் ஷெல்லி பல உத்திகளைப் பயன்படுத்தி அதிகாரம் நிலையற்றது என்று அழகாகக் காட்டுகிறார்."

பாதி_வாத்தியார்:
இல்லை. இதை எந்தக் கவிதைக்கும் ஒட்டலாம், அதுதான் குறை. 'பல உத்திகள்', 'அழகாக' இரண்டையும் வெட்டுங்கள். யாராவது "அப்படி இல்லையே" என்று சண்டைக்கு வரக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு: "கவிதை ராஜாவை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, அவன் சொன்னதை அப்படியே விட்டுவைத்து, சுற்றியுள்ள மணலைப் பதில் சொல்ல வைக்கிறது." இதையே காப்பி அடிக்காதீர்கள், சிற்பி விஷயத்தை வைத்து உங்களுடையதாக ஒன்று யோசியுங்கள்.

ஏடு_புரட்டி:
இடம் இருந்தால் இதையும் சேர்க்கலாம். ஷெல்லியும் அவர் நண்பர் ஹோரஸ் ஸ்மித்தும் போட்டி போட்டுக்கொண்டு ஒரே விஷயத்தில் ஆளுக்கொரு சானெட் (14 வரிக் கவிதை) எழுதினார்கள். இரண்டுமே 1818 தொடக்கத்தில் 'எக்ஸாமினர்' இதழில் சில வார இடைவெளியில் வந்தன. ஸ்மித், நாளைக்கு லண்டனும் இப்படிக் காடாகப் போகும், அங்கே ஒரு வேடன் இடிபாட்டைப் பார்த்து வியப்பான் என்று பெயர் சொல்லியே முடிக்கிறார். ஷெல்லி எந்த ஊர்ப் பெயரையும் சொல்லாமல் மணலோடு நிறுத்திவிடுகிறார். ஸ்மித்தின் கவிதையை இன்று தேடிப் படிப்பவர்கள் குறைவு, ஏன் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓசிமாண்டியஸ் என்பது இரண்டாம் ராம்செஸின் கிரேக்கப் பெயர் என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும், எகிப்து வரலாறு எழுத ஆரம்பித்துவிடாதீர்கள்.

கடைசிப்பெஞ்ச்:
காலத்தையும் பாருங்கள். தமிழில் யோசித்து எழுதும்போது "ஷெல்லி சொன்னார், வழிப்போக்கன் பார்த்தான்" என்று இறந்தகாலம் தானாக வந்துவிடும். ஆங்கில இலக்கியக் கட்டுரையில் கவிதைக்குள் நடப்பதெல்லாம் நிகழ்காலம். 1818இல் வெளியானது என்பது மாதிரி வெளியே நடந்ததுக்கு மட்டும் இறந்தகாலம். எனக்கு இதற்கே ஒரு தடவை அஞ்சு மார்க் போச்சு.

நீலமை:
இரண்டாவது பத்தியில் மட்டும் ஒன்பது இடம் இறந்தகாலம் இருக்கிறது. ம்ம். சிற்பியை வைத்துத்தான் தொடங்கப் போகிறேன், 'மாக்டு'க்கே ஒரு பத்தி. எல்லாருக்கும் நன்றி, வியாழக்கிழமை ராத்திரி மறுபடி வந்து தொல்லை கொடுப்பேன்.